என் பெயரில் மூன்றாவது எண்

04.11.2024, திங்கள்

மாலை ஐந்து மணிக்கு மழை விட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள கடையில் வாழைக்காய் பஜ்ஜி நாலு வாங்கினேன். வாங்கியிருக்கக் கூடாது. கடைக்காரன் மூக்கைச் சிந்திவிட்டு அதே கையை இடுப்புத் துண்டில் துடைத்து மாவுக்குள் விட்டதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் வாங்கினேன். மழை செய்கிற வேலை.

மூன்றாவது பஜ்ஜியை எடுத்தபோது அடியில் இருந்த தாளில் என் முகம் தெரிந்தது.

என் ஆதார் அட்டையின் நகல். எண்ணெய் ஊறி, நெற்றியில் பஜ்ஜித் தூள் ஒட்டி, ஒரு கண் மட்டும் தெளிவாகத் தெரிய என்னையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சென்னியப்பன் என்ற பெயர், பிறந்த தேதி, உடுமலை வீட்டு முகவரி, பன்னிரண்டு இலக்க எண், எல்லாம் பளிச்சென்று இருந்தன. தின்றது அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன் நான். உயிரோடு இருப்பவனைச் செத்தவனாக்கித் தோட்டத்தை எழுதி வாங்கியவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். அதனால் எந்த அட்டையின் நகலை யாருக்குக் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறேன் என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பேன். இந்தத் தாளில் கோடும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆக, இது நான் கொடுத்தது அல்ல. எவனோ எடுத்தது.

வீட்டுக்கு வந்து ருக்மணியிடம் காட்டினேன். மனைவி என்று ஒருத்தி இருந்தால் பதற வேண்டாமா? தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தானுங்க விழுந்திருக்குது" என்றாள். இவளிடம் போய்ச் சொன்னேன் பார்.

அடுப்பில் சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் போட்டு எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க ஒரே நெடி. பக்கத்துத் தெருவில் யாருக்கோ பிரசவமாம், மருந்து கேட்டார்களாம். ஊருக்கெல்லாம் கிண்டிக் கொடுக்க இவள்தான் கிடைத்தாள்.

05.11.2024, செவ்வாய்

காலையில் நேராக ஜெராக்ஸ் கடை. அதை நடத்துகிற தங்கமணி என் தாளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். என் முகத்தைப் பிடிக்க அவளுக்கு அருவருப்பாம்!

"என் அடையாளத்தை விக்கறியா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

"ஏனுங்கய்யா, காலங்காத்தால இப்படிப் பேசறீங்க? போன மாசம் நீங்கதானுங்க வந்து ஒண்ணு கோணலா விழுந்திருச்சு, ஒண்ணு மங்கலா இருக்குதுன்னு மூணு காப்பியைக் கூடையில வீசிட்டுப் போனீங்க. கூடையில கெடக்கற காயிதத்தைப் பழைய பேப்பர்காரருக்குத்தான் போடுவோம். அவரு பஜ்ஜிக் கடைக்குப் போடுவாரு. கிழிச்சுப் போட்டிருக்கலாமல்லங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பதில் சொல்ல முடியாதவர்கள் சொல்லும் பதில் இது. அதிலும் மூன்று என்றது பச்சைப் பொய். இரண்டுதான்.

பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் சத்தம் கேட்டு வந்து என்னை உள்ளே கூட்டிப்போனார். நல்ல மனிதர், ஆனால் அந்தக் கடையில் காலி டீ டம்ளர்களில் ஈ மிதக்கிறது.

"அவங்களை உடுங்க சார். உங்க பேர்ல வேற யாராச்சும் சிம் வாங்கியிருக்காங்களான்னு பாத்துருவோம். அது தெரிஞ்சாப் போதும்" என்று என் போனை வாங்கி எதையெதையோ தட்டினார்.

என் பெயரில் மூன்று எண்கள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. ஒன்று ருக்மணியுடையது, நான் வாங்கிக் கொடுத்தது. மூன்றாவதன் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிந்தது, 4417. எனக்கு உடம்பெல்லாம் புழு ஊர்வது போல ஆகிவிட்டது. எவனோ என் பெயரைப் போட்டுக்கொண்டு ஊரில் திரிகிறான்.

"வீட்டுல வேற யாராச்சும் வெச்சிருக்காங்களா சார்? புள்ளைங்க?"

"எனக்குப் பிள்ளைகள் இல்லை" என்றேன்.

அவர் இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. தலையாட்டிக்கொண்டார்.

06.11.2024, புதன்

வயிறு சரியில்லை. பஜ்ஜி.

07.11.2024, வியாழன்

போன் கம்பெனி ஆபீஸ். டோக்கன் நாற்பத்தொன்று. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நகத்தைக் கடித்துக் கடித்துத் தரையில் துப்பினான். ஏசி போட்ட இடத்தில் அத்தனை பேர் ஈரச் சட்டையின் வாடையும் வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

சட்டையில் நிவேதா என்று பெயர் குத்தியிருந்த பெண் என் அட்டைகளைச் சரிபார்த்துவிட்டு முழு எண்ணையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். பார்த்த எண்ணாகத் தெரியவில்லை. இந்தக் காலத்தில் யாருக்கு எண் நினைவிருக்கிறது? பெயரைத் தட்டினால் போகிறது, பெயரை அழித்தால் எண்ணும் போயிற்று.

"பத்து வருஷமா ஓடிட்டு இருக்குதுங்க சார் இந்த நம்பர். ஒரு மாசம்கூட ரீசார்ஜ் தவறலை. இப்படி யாரும் திருடி வெச்சிருக்க மாட்டாங்க. பழைய விண்ணப்பத்தைக் கோயமுத்தூர்ல இருந்து எடுக்கச் சொல்லட்டுங்களா? பத்து நாளாகும்."

"எடுங்கள். ஆனால் அதுவரை எனக்குப் பொறுமை இல்லை. துண்டிக்க என்ன வழி?" என்றேன்.

"ஒருக்கா வீட்டுல கேட்டுட்டு வந்துருங்க சார். வெட்டிட்டா வம்பு."

என் பெயரை மீட்க நான் வீட்டில் கேட்க வேண்டுமாம். இந்த வயசுப் பெண்களுக்கு யாரைப் பார்த்தாலும் கிழம், மறதி என்று நினைப்பு.

08.11.2024, வெள்ளி

ருக்மணி கோயிலுக்குப் போயிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் வருவாள். என்ன வேண்டுதலோ. போனையும் எடுத்துப் போவாள், பூ வாங்கும் இடத்தில் மழை வந்துவிட்டால் சொல்வதற்காம். இதுவரை ஒரு மழைக்கும் சொன்னதில்லை.

அந்த நேரத்தில் நான் மூன்றாவது எண்ணுக்கு அடித்தேன்.

ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது, ஓடி வந்தவர்களுக்கு இரைக்குமே அப்படி. பின்னால் குக்கர் ஒரு விசில் விட்டது. என் பெயரில் குடும்பமே நடக்கிறது!

"யாரு?" என்றேன். பதில் இல்லை. எனக்கு வந்தது பார் ஆத்திரம். "எம் பேரை வெச்சுக்கிட்டு எத்தனை வருசமாப் பொழப்பு ஓட்டறே? வெக்கமா இல்ல? நாய்கூட அடுத்தவன் எச்சிலை இத்தனை நாள் நக்காது. மரியாதையா உட்டுரு, இல்லீன்னா போலீசுல குடுத்து நாற அடிச்சுருவேன்" என்று ஒரு மூச்சில் பேசி முடித்தேன்.

அந்தப் பக்கம் அழுகை. பெண்பிள்ளை அழுகை, வாயைப் பொத்திக்கொண்டு அழுவது. அப்புறம் வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை.

கையும் களவுமாகப் பிடிபட்டால் எல்லாரும்தான் அழுவார்கள். அலுவலகத்தில் பார்க்காததா? ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. காபியில் ஆடை மிதந்தது, அப்படியே தொட்டியில் கொட்டினேன்.

09.11.2024, சனி

போலீசுக்குக் கொடுக்க மனு எழுதினேன், நாலு பக்கம். இந்த மாதிரி எழுத இந்தத் தாலுக்காவில் இன்று ஆள் கிடையாது. எழுதியதை ருக்மணிக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். எண் வரும் இடத்தில் பத்து இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஏழாவது இலக்கத்தில் அவள் கை நின்றது.

"அந்த நம்பரை என்னங்க பண்ணப் போறீங்க?"

"வெட்டப் போறேன். திங்கக்கிழமை."

"ஏனுங்க, உட்டுருங்களேன். யாரோ பாவம், பேசிட்டுப் போறாங்க. நம்ம காசா போவுது?"

"யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்கீங்க தெரியும்?" என்று வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கண்ணில் தண்ணீர். வெங்காயம் அப்படி.

திருடனுக்குப் பாவம் பார்க்கிற பெண்பிள்ளையோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். மத்தியானக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. வாயில் வைக்க முடியவில்லை.

10.11.2024, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்குப் போனாள். வந்ததும், "அந்த மனுவை ஒரு வாரம் தள்ளிப் போட முடியாதுங்களா?" என்றாள். ஏன் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். சும்மா எதையாவது செய்கிற ஆளா நான்?

11.11.2024, திங்கள்

போன் கம்பெனியில் படிவம் கொடுத்தேன். "இந்த எண் என்னுடையது அல்ல. என் குடும்பத்தினர் எவருடையதும் அல்ல." மூன்று இடத்தில் கையெழுத்து. நிவேதா இரண்டாவது வரியை விரலால் தொட்டு, நிச்சயம்தானே என்று கேட்டாள். முப்பத்து நாலு வருஷம் நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வியை என்னிடமே கேட்கிறாள். நிச்சயம் என்றேன்.

போலீஸ் மனுவைக் கொடுக்கவில்லை. பழைய விண்ணப்பம் கைக்கு வந்தால் ஆதாரத்தோடு கொடுக்கலாம்.

13.11.2024, புதன்

துண்டித்துவிட்டார்கள். குறுஞ்செய்தி வந்தது. நானே அடித்துப் பார்த்தேன், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். இந்த வாரத்தில் காதுக்குச் சுகமாக வந்த சொல் அது ஒன்றுதான்.

ஜிலேபி வாங்கி வந்தேன். ருக்மணி தொடவில்லை. எறும்பு வந்து, அப்புறம் கொட்டினேன்.

15.11.2024, வெள்ளி

காலையிலும் கோயில், மாலையிலும் கோயில். அம்மனுக்கே அலுத்திருக்கும்.

17.11.2024, ஞாயிறு

ஞாயிறு ஞாயிறு ருக்மணியின் போனைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது, தேவையில்லாதது சேர்ந்துவிடும். எப்போதும் போல யாருக்குப் பேசினாள் என்ற பட்டியல் காலியாக இருந்தது. அவளுக்குப் பேச யார் இருக்கிறார்கள்? பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தது போல அப்படி ஒரு சுத்தம். ஆனால் வெள்ளிக்கிழமை காலை நிறைய இருந்த பேட்டரி சாயங்காலத்துக்குள் ஏன் சாகக் கிடந்தது என்று கேட்டேன். தெரியலீங்க என்றாள்.

அவள் சரியாகச் சாப்பிட்டு நாலு நாள் ஆகிறது. கிண்டிய மருந்தை இரண்டு பாட்டிலில் அடைத்துத் துணி கட்டி அலமாரியில் வைத்திருக்கிறாள். பிரசவக்காரி வந்து வாங்கிப் போகவில்லையா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

18.11.2024, திங்கள்

பழைய விண்ணப்பம் வந்துவிட்டது என்று நிவேதா கூப்பிட்டாள். போனேன்.

இன்று இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் பதிவு செய்யாமல் விட்டுப் பழக்கமில்லை.

அவள் அச்சடித்துக் கொடுத்தது விண்ணப்பமும் அதோடு இணைத்த என் வாக்காளர் அட்டை நகலும். 2014 ஜூன். நகலின் குறுக்கே இரண்டு கோடு. கோடுகளுக்கு நடுவில் என் எழுத்து. வேறு எவனும் இப்படி எழுத மாட்டான். "என் மகள் செ. கோகிலவாணி கல்லூரி விடுதியில் உபயோகிப்பதற்காக மட்டும்." கீழே தேதி, என் கையெழுத்து.

நானே வாங்கியது. என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போய் வாங்கிக் கொடுத்தது. வயசுப் பெண்ணுக்கு அவள் பெயரில் சிம் எதற்கு, என் பெயரிலேயே இருக்கட்டும் என்று சொன்னவனும் நான்தான்.

"உங்க பொண்ணு நம்பருங்களா சார்? அப்ப ஏன் சார்..." என்று ஆரம்பித்து அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அப்புறம் மெதுவாக, "மன்னிச்சுக்கங்க சார். எப்பத் தவறினாங்க?" என்றாள்.

நான் திருத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்தேன் வேறு.

வெளியே வந்து சாக்கடை ஓரமாக நின்று வாந்தி எடுத்தேன்.

20.11.2024, புதன்

ஆறு வருஷமாக இந்த நோட்டில் அந்தப் பெயரை எழுதியதில்லை. திங்கட்கிழமை எழுதிவிட்டேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் கல்யாணம் செய்துகொண்டது இருதயராஜ் என்ற பையனை. வேறு சாதி, வேறு சாமி. பதிவுத் திருமணம். மாப்பிள்ளை வீடு இருக்கும் தாராபுரத்தில் பதிவு செய்தார்கள், ஆனால் பதிவு அலுவலகங்களில் எந்தச் செய்தி எந்த மேசையில் நிற்கும்? மறுநாளே என் அலுவலகத்தில் ஒருவன் எழுந்து வந்து எனக்குக் கைகொடுத்தான், வாழ்த்து என்று. அந்தக் கையின் வியர்வை இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றே வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். போனில் இருந்து பெயரை அழித்தேன். ருக்மணியிடம், இந்த வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் நீயும் அவள் பின்னாலேயே போய்விடு என்றேன்.

நான் அழித்துவிட்டேன். அவள் எண்ணை மாற்றவே இல்லை. ஒரு மாசம்கூடத் தவறாமல் ரீசார்ஜ். எட்டாம் தேதி நான் கூப்பிட்டபோது ஒரு மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்தாள். என் எண் அவள் போனில் என்ன பெயரில் இருக்கிறதோ. எடுத்ததும் அவள் காதில் விழுந்தது நாய், எச்சில், நாற அடிப்பேன்.

ருக்மணியிடம் எதுவும் சொல்லவில்லை.

22.11.2024, வெள்ளி

மத்தியானம் சோற்றில் ஒரு முடி கிடந்தது. தட்டைத் தள்ளிவிட்டு, "சோறா இது? மனுசன் திங்கறதா?" என்றேன்.

ருக்மணி தட்டை எடுத்தாள். நேராகக் கொல்லைக்குப் போய்ச் சாக்கடையில் கொட்டினாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் கொமட்டும். பஜ்ஜிக்காரனைப் பாத்தா கொமட்டும், மருந்து வாசத்துக்குக் கொமட்டும், பெத்த புள்ளையக் கண்டாக் கொமட்டும். உங்களைப் பாத்தா எனக்கு என்ன வருதுன்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கீங்களா?"

எழப் பார்த்தேன். அவள் நகரவில்லை.

"அது என்ற மவ நம்பருங்க. நீங்க வெட்டி உட்டது என்ற மவ நம்பரு. ஆறு வருசமாக் கோயில் படியில உக்காந்து அவகிட்டத்தான் பேசிட்டு இருந்தேன். வேற நம்பரு வாங்குன்னா, அப்பனுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதாம்மா, என்னைக்காச்சும் கூப்புட்டா எங்கே போயித் தேடுவாருன்னு சொன்னா. நீங்களும் கூப்புட்டீங்க. நல்லாக் கூப்புட்டீங்க."

நான் கூப்பிட்டது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது?

"அன்னைக்குப் பொழுதோட எங்கிட்ட அழுதா. அப்பா பேரைக்கூட உட்டுரச் சொல்லிட்டாரும்மா, போலீசுக்குப் போறாராம்மான்னு. அவளுக்கு இது நெறமாசமுங்க. ஆறு வருசத்துக்குப் பொறவு தங்கின மொதப் புள்ள. இருவதாந்தேதி நாள் குடுத்திருந்தாங்க. இன்னைக்கு இருவத்திரண்டு. பொறந்துச்சா, என்னாச்சு, புள்ள இருக்கறாளா இல்லையான்னுகூடத் தெரியலைங்க எனக்கு. அவ இங்க கூப்புடக் கூடாதுன்னு நாந்தான் சொல்லி வெச்சிருந்தேன், போனு உங்க பக்கத்துலயே கெடக்குதேன்னு. நீங்க நெசமாவே வெட்டுவீங்கன்னு நெனைக்கல, அந்தப் பையன் நம்பரும் வாங்கி வெக்கல. தாராபுரத்துல எந்தத் தெருவுன்னுகூடக் கேட்டுக்கல. கேட்டு வெச்சா வாயில வந்துருமோன்னு பயம். அந்த ஒரு நம்பருதான் எனக்கு மனப்பாடம்."

சொல்லி முடித்துவிட்டு அழவில்லை. தட்டைக் கழுவப் போனாள்.

நான் சட்டைப்பையில் நாலு நாளாக மடித்து வைத்திருந்த நகலை எடுத்து மேசைமேல் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள். படித்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். பஜ்ஜிக்காரனை நான் பார்த்தது அப்படித்தான்.

"திங்கக்கிழமையே தெரியுமாங்க உங்களுக்கு?" என்றாள்.

தெரியும் என்றேன்.

23.11.2024, சனி

ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். டோக்கன் ஒன்று.

துண்டித்த எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதற்குள் திரும்பக் கேட்கலாமாம், ஆனால் யார் பெயரில் இருந்ததோ அவர்தான் கேட்க வேண்டுமாம். படிவத்தில் ஒரு கட்டம், எண்ணைப் பயன்படுத்துபவருக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு. அதை விட்டுவிட்டு மற்றதை நிரப்பிக் கொடுத்தேன். நிவேதா திருப்பிக் கொடுத்தாள்.

"இது நிரப்பலீன்னா போகாதுங்க சார்."

அப்பா என்று எழுதினேன். மூன்றே எழுத்துதான், கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவள் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை.

"அம்மா, அன்னைக்கு நீங்க எப்பத் தவறினாங்கன்னு கேட்டீங்க. நான் பேசாம இருந்தேன். அவ உயிரோட இருக்கா. நான்தான் வாய் தொறக்கல" என்றேன்.

அந்தப் பெண் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முத்திரையைக் குத்திவிட்டு, புது சிம்மைத் தாளில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். தண்ணீர் கொடுக்கவில்லை. சரியாகத்தான் செய்தாள்.

உயிர் வர ஒரு நாள் ஆகலாமாம். என் போனிலேயே இரண்டாவது சிம்மாகப் போட்டுக்கொண்டேன். வரும் வழியில்தான் உறைத்தது. எண்ணை மீட்டு என்ன பயன்? அது இப்போது என் பையில் இருக்கிறது. அடித்தால் எனக்குத்தான் அடிக்கும். கோகிலா எங்கே இருக்கிறாள் என்று இந்தச் சிம்முக்கும் தெரியாது.

ருக்மணியிடம் சொன்னேன். "நாளைக்கு மத்தியான வண்டிக்குத் தாராபுரம் போறோம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக் கேக்கலாம்" என்றேன். நாமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நம்பவில்லை. நம்புவதற்கு நான் என்ன செய்திருக்கிறேன்?

24.11.2024, ஞாயிறு

காலை பதினொன்று இருபதுக்கு எண்ணுக்கு உயிர் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. போனை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அது அடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கே வைக்கிறது என்று தெரியாமல் வைத்தோம், அவ்வளவுதான்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அடித்தது. அந்த எண்ணுக்குத்தான். பெயர் இல்லாத அழைப்பு. ருக்மணி எடுக்கவில்லை, என்னையே பார்த்தாள். நான் எடுத்தேன்.

"அலோ?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது. எடுப்பார்கள் என்று அவனும் நினைக்கவில்லை போலிருக்கிறது, தடுமாறினான். "யாருங்க பேசறது? இது எங்க வீட்டம்மா நம்பருங்க. பத்து நாளாக் கட்டாகிக் கெடந்துச்சு, தெனமும் அடிச்சுப் பாக்கறேன். இப்ப யாருகிட்டங்க இருக்குது?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குக் குடுத்துட்டாங்கன்னா உங்களுதுதான். ஒரே ஒரு ஒதவி. அவங்கம்மாவுக்கு இந்த நம்பரு மட்டுந்தான் தெரியும். அந்தம்மா கூப்புட்டா, தாராபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லிருங்க. வலி எடுத்திருச்சு, இப்ப உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்க. போறதுக்கு முன்ன இன்னொருக்கா அடிச்சுப் பாருன்னு கையைப் புடிச்சுக்கிட்டு உடமாட்டீங்குதுங்க."

ஆறு வருஷமாக அவன் குரல் எப்படி இருக்கும் என்று நானாக ஒரு குரல் வைத்திருந்தேன், அருவருக்கத் தோதாக. அது இது இல்லை.

"அலோ, யாருங்க நீங்க?" என்று மறுபடியும் கேட்டான்.

"நான் கோகிலாவோட அப்பனுங்க" என்றேன்.

அங்கே ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு நர்ஸ் யாரையோ தள்ளி நிற்கச் சொன்னாள். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைத்திருந்தால் அவன்மேல் தப்பில்லை. அவன் வைக்கவில்லை. "இருங்க" என்றான். அப்புறம் போனை விட்டு விலகி, "கோகிலா, உங்கப்பா" என்றான்.

நான் போனை ருக்மணியிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள்.

"வெட்டி உட்டது நீங்க. நீங்களே பேசுங்க."

அந்தப் பக்கம் போன் கை மாறுவது கேட்டது. எதற்கென்று தெரியவில்லை, நான் எழுந்து நின்றுகொண்டேன்.

மீதியை எழுத நேரமில்லை. ஒன்றே காலுக்கு வண்டி. ருக்மணி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.